14 லட்சம் டாலர் கூரையும் எங்கள் மொட்டை மாடியும்

1956-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டாரில் சாப்பின் என்ற பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். சராசரி வீடு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் சூரிய ஒளியிலிருந்தே எடுக்க வேண்டுமானால் எவ்வளவு செலவாகும்? அன்றைக்கு 1 வாட் தரக்கூடிய சிலிக்கன் செல்லின் விலை 286 டாலர். வீட்டுக்கு அவர் கண்ட விடை 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள், சரியாக 5,000 வரும். அதாவது 5 கிலோவாட். இன்றைக்குத் தாம்பரத்தில் ரெண்டு ஏசி வைத்திருக்கிற வீட்டுக்காரர் சோலார் கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் சொல்லப்படும் அதே 5 கிலோவாட்.

"வீட்டுக்கு சோலார் போட்டால் கட்டுபடியாகுமா?" என்ற கேள்விக்கு நான் பார்த்தவரையில் மிகப் பழைய கணக்கு இதுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கணக்குப் போட்டவர் வெளியாள் இல்லை என்பது. 1954 ஏப்ரலில் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கன் செல்லைச் செய்துகாட்டிய மூவரில் சாப்பின் ஒருவர். மற்ற இருவர் கால்வின் ஃபுல்லரும் ஜெரால்ட் பியர்சனும். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே மார்க் போட்டு, ஃபெயில் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் சாப்பின் இந்த வேலையில் இறங்கியது வீடுகளுக்காக இல்லை. தொலைபேசிக் கம்பெனியின் பிரச்சினை வேறு. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஒதுக்குப்புறமான இடங்களில் கருவிகளுக்குப் போட்ட உலர் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. அதற்கு மாற்றுத் தேடப்போய்த்தான் செல் பிறந்தது. 1955 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊரில் ஒரு கிராமப்புற டெலிபோன் லைனில் வைத்துச் சோதித்தார்கள். வேலை என்னவோ செய்தது, விலைதான் கட்டவில்லை.

பிறகு 1958 மார்ச்சில் வான்கார்டு 1 செயற்கைக்கோள் ஆறு சோலார் செல்களோடு மேலே போனது. அதில் இருந்த சாதாரண பேட்டரி ஜூனிலேயே அடங்கிவிட்டது. சோலார் செல்லில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. விண்வெளியில் 286 டாலர் எல்லாம் ஒரு விலையே இல்லை. அங்கே போய் யார் பேட்டரி மாற்றுவது? 1970-களில் எக்ஸான் கம்பெனியின் பணத்தில் எலியட் பெர்மன் என்பவர் பூமியில் விற்பதற்கென்றே மலிவான பேனல்களைச் செய்தார். முதலில் வாங்கியவர்களில் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் தளங்களும் உண்டு. கடல் நடுவே எச்சரிக்கை விளக்கு எரிய வைக்கக் கனமான பேட்டரிகளைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் சுமந்துகொண்டு போவதைவிட அது லாபம். பெட்ரோல் எடுக்கிறவர்களே சோலாரின் ஆரம்பகால வாடிக்கையாளர்கள் என்பது ஒரு வேடிக்கை.

(இந்த இடத்தில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979-இல் வெள்ளை மாளிகைக் கூரையில் சோலார் வைத்தார், 1986-இல் ரீகன் காலத்தில் எடுத்துவிட்டார்கள் என்ற கதையைச் சொல்வது வழக்கம். அது மின்சாரம் தரும் பேனல் இல்லை, தண்ணீர் சுடவைக்கும் பேனல். வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் திருத்துங்கள்.)

இவற்றை வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பேனலின் விலையை அது யாரோடு மோதுகிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க முடிகிறது. எதிராளி செத்த பேட்டரி என்றால் 286 டாலரும் சல்லிசு. எதிராளி சுவரில் இருக்கிற பிளக் என்றால் 14 லட்சம் டாலர். இதை நான் 2012-இல் தெரிந்துவைத்திருந்தால் என் அப்பாவுக்கு ஒரு தப்பான கணக்கைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்பா அப்போது திருச்சியில் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், எதையும் நேரத்தோடு எழுதி வைக்கிற பழக்கம். அவருடைய 2012-ஆம் வருஷ டயரி இப்போது என் மேஜையில் இருக்கிறது. அக்டோபர் மாதப் பக்கங்களில் பெரும்பாலும் வேறு ஒன்றுமே இல்லை: "6.00 போச்சு. 7.00 வந்தது. 8.00 போச்சு. 9.00 வந்தது." சில நாட்களில் கூட்டிப் பார்த்தால் 14 மணி நேரம் கரண்ட் இல்லை. சென்னையில் எங்களுக்கு அப்போது ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான் மின்வெட்டு. அதற்கே நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த அக்டோபரில்தான் தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு. அதில் 350 மெகாவாட் கூரைகளில். வீட்டில் போட்டால் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் ரெண்டு வருஷம் 2 ரூபாய், அடுத்த ரெண்டு வருஷம் 1 ரூபாய், அதற்கடுத்த ரெண்டு வருஷம் 50 பைசா ஊக்கத்தொகை. பிற்பாடு மத்திய அரசின் 30 சதவீத மானியத்தோடு மாநில அரசும் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தது. அப்பா பேப்பரைப் படித்துவிட்டுப் போன் பண்ணினார். "நீதான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுவியே, இது போடலாமான்னு பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். அந்த எக்செல் ஃபைல் இன்னும் இருக்கிறது. 1 கிலோவாட், பேட்டரியோடு, எனக்குக் கிடைத்த விலை ஒன்றே முக்கால் லட்சம். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ரெண்டு மாதத்துக்கு 240. அப்பா வீட்டில் ரெண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும், பில் 700 ரூபாய்ச் சுற்றி வரும். 2012-இல் கட்டணம் அப்படி. மிக உயர்ந்த படியில்கூட யூனிட் 5 ரூபாய் 75 பைசாதான். சோலார் போட்டால் வருஷத்துக்கு 3,840 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப 45 வருஷம். மானியம் எல்லாவற்றையும் கழித்தாலும் 27 வருஷம். நடுவே அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. "வேண்டாம்ப்பா, இன்வெர்ட்டரே வாங்கிக்குங்க" என்றேன். வாங்கினார். 20,000 ரூபாய்க்குள் முடிந்தது.

அந்த இன்வெர்ட்டர் என்ன செய்தது என்பது டயரியில் இருக்கிறது. நவம்பர் 3: "இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறவில்லை. ராத்திரி ஃபேன் 40 நிமிஷம்." ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இல்லை என்று மாறி மாறி வந்த நாட்களில் பேட்டரி நிரம்ப நேரமே கிடைக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் வந்துவிட்டதால், கரண்ட் வந்த கையோடு அத்தனையும் ஒரே நேரத்தில் உறிஞ்ச ஆரம்பிக்கும். ஏற்கெனவே பற்றாக்குறையில் தள்ளாடிக்கொண்டிருந்த லைனுக்கு அது கூடுதல் சுமை.

என் எக்செல்லில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. தப்பு ஒரே ஒரு கட்டத்தில். எதிராளி என்ற இடத்தில் நான் யூனிட் 3 ரூபாய் மின்சாரத்தை வைத்திருந்தேன். அந்த 3 ரூபாய் மின்சாரம் அன்றைக்குத் திருச்சியில் பாதி நாள் கிடையாது. இல்லாத சரக்கின் விலையோடு இருக்கிற சரக்கை ஒப்பிட்டிருக்கிறேன். நான் எடுத்திருக்க வேண்டிய எதிராளி, பெட்ரோல் ஜெனரேட்டரும் 40 நிமிஷத்தில் நின்றுபோகும் ஃபேனும். அப்படிப் பார்த்திருந்தாலும் 1 கிலோவாட் அதிகம்தான். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பகலில் சார்ஜ் செய்ய ரெண்டே ரெண்டு பேனல் போட்டிருந்தால் அப்பா தூங்கியிருப்பார்.

அப்போது பேனலைச் சரியான எதிராளியோடு மோதவிட்டது, யாரும் அதிகம் பேசாத ஒரு திட்டம். 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம். கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு, வருஷத்துக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றிலும் சோலாரில் எரியும் 5 சிஎஃப்எல் விளக்குகள். தமிழ்நாட்டில் "வீட்டு சோலார்" என்றாலே ஏசி வைத்த மொட்டை மாடி நினைவுக்கு வருகிறது. ஆனால் கூட்டம் கூட்டமாக முதலில் போனது இந்தச் சின்ன வீடுகளுக்குத்தான். பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் சித்தி ஊரில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மாடி வீடு இருட்டில் கிடக்க, அங்கே பிள்ளைகள் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சில வருஷம் கழித்துப் போனபோது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டுப் பேட்டரி காய்ந்திருந்தது. அதற்குள் மின்வெட்டும் குறைந்துவிட்டதால் யாருக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை. எதிராளி மாறிவிட்டான்.

சரி, ஒன்றே முக்கால் லட்சம் எப்படி இறங்கியது? இதற்குத் திருச்சியிலிருந்து ஜெர்மனிக்குப் போக வேண்டும், வேறு வழி இல்லை. 2000-இல் ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூரையில் சோலார் போட்டு லைனுக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 ஃபெனிக், 20 வருஷத்துக்கு உறுதி. அன்றைக்கு அந்த ஊரில் வீட்டுக்காரர் கடையில் வாங்குகிற மாதிரி வாங்கும் மின்சாரத்தின் விலையைப் போல அது மூன்று மடங்குக்கு மேல். பணம் அரசு கஜானாவிலிருந்து வரவில்லை, நாட்டில் மின்சாரம் வாங்குகிற எல்லோருடைய பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வசூலித்தார்கள். நம் ஊரைவிட வெயில் எவ்வளவோ குறைவான நாட்டில் ஆளாளுக்குக் கூரையை மூட ஆரம்பித்தார்கள். செய்து கொடுக்கத் தொழிற்சாலை போதவில்லை. ஆஸ்திரேலியாவில் சோலார் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பிய ஷி செங்ராங் 2001-இல் சீனாவின் வூஷியில் தொடங்கிய சன்டெக் 2005-லேயே நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போனது. அதைப் பார்த்து இன்னும் நூறு பேர் இறங்கினார்கள். விலை விழுந்த வேகத்தில் 2013-இல் சன்டெக்கே திவால்.

உற்பத்தி மொத்தம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் இறங்கும் என்று ரிச்சர்ட் ஸ்வான்சன் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். விதி என்று சொன்னால் தானாக நடக்கிற மாதிரி இருக்கிறது. அந்த இரட்டிப்புக்கு யாரோ ஒருவர் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் பெரும்பங்கு கொடுத்தது ஜெர்மானியக் குடும்பங்கள். தாம்பரத்தில் என் மாடியில் வைக்கிற பேனலின் விலையில் அவர்கள் கட்டிய கரண்ட் பில்லும் கலந்திருக்கிறது.

நாம் கொண்டுவந்தது அவர்கள் முறையை அல்ல, அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1983-இல் சட்டமாக்கிய நெட் மீட்டரிங்கை. மதியம் நீங்கள் லைனுக்கு அனுப்புகிற யூனிட்டையும் ராத்திரி லைனிலிருந்து எடுக்கிற யூனிட்டையும் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் பில். தகடு சுற்றும் பழைய மீட்டர் இருந்த காலத்தில் அது நிஜமாகவே பின்பக்கமாகச் சுற்றும். தமிழ்நாட்டில் 2013 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு ஆணை போட்டது. நாடு முழுக்க 2022-க்குள் கூரைகளில் மட்டும் 40,000 மெகாவாட் என்று 2015-இல் இலக்கு வைத்தார்கள். 2022 முடிந்தபோது அதில் கால்வாசிகூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குப் பில்லைப் பார்த்தாலே போதும். இதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2016 மே முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் கொஞ்ச தூரம் மலிவு. 2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (2024 ஜூலையில் இது இன்னும் 5 சதவீதம்போல ஏறியது). 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய் 25 பைசா, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை பறிபோகும்; 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11. எல்லாம் ரெண்டு மாதக் கணக்கு.

இப்போது எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள்.

எதிர்வீட்டு மாமி 380 யூனிட். பில் 1,035 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் 240 கழியும், மிச்சம் 140-க்கு 90 ரூபாய் பில். வருஷத்துக்கு 5,670 ரூபாய் மிச்சம். மானியம் போகக் கைக்காசு 45,000 என்றால் 8 வருஷம். அந்தப் பணத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டாலே வருஷம் 3,150 வரும், முதலும் அப்படியே இருக்கும். மாமி போட வேண்டியதில்லை.

பக்கத்து வீடு 510 யூனிட். பில் 2,030. இவர் 10 யூனிட் குறைத்திருந்தால் 1,725-தான் கட்டியிருப்பார். அந்தக் கடைசி 10 யூனிட் மட்டும் 305 ரூபாய். அவருக்கும் அதே 1 கிலோவாட், அதே 45,000. ஆனால் வருஷத்துக்கு 8,940 மிச்சமாகி 5 வருஷத்தில் பணம் திரும்பிவிடும். ஒரே பேனல், ஒரே வெயில், நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்.

எங்கள் வீடு 800. ரெண்டு ஏசி, வீட்டிலிருந்தே வேலை. பில் 4,550. 3 கிலோவாட் 720 யூனிட் தரும், மிச்சம் 80. அது இலவசத்துக்குள் வந்துவிடும். எனக்கு வந்த கொட்டேஷன் 1,95,000. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 மானியம். கைக்காசு 1,17,000. வருஷத்துக்கு 27,300 மிச்சம். நாலரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம், வருஷத்துக்கு அரை சதவீதம்போல உற்பத்தி குறையும். தண்ணீர்த் தொட்டி நிழல், தூசி, காக்கா எச்சம் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் தள்ளினாலும் கணக்கு தாங்குகிறது. 5 கிலோவாட் போடச் சொன்னார்கள். மானியம் மூன்றோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் செய்கிற கரண்ட்டுக்கு எங்கள் வீட்டில் எதிராளியே இல்லை.

இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக வருவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாயும் 9 ரூபாயும் கட்டுகிற நான்தான் வாரியத்தின் நல்ல வாடிக்கையாளர். என் போன்றவர்களிடம் கூடுதலாக வாங்குவதும் அரசு கொடுப்பதும் சேர்ந்துதான் கீழ்ப்படியில் இருப்பவருக்குச் சலுகையாகப் போகிறது. சொந்த மொட்டை மாடியும் கையில் லட்ச ரூபாயும் இருக்கிற நாங்கள்தான் முதலில் கழன்றுகொள்கிறோம். வாடகை வீட்டுக்காரருக்கும் அடுக்குமாடியில் ரெண்டாவது மாடிக்காரருக்கும் அந்த வழி இல்லை. சாயங்காலம் 7 மணிக்கு என் பேனல் தூங்கிவிடும். அப்போது எனக்குக் கரண்ட் கொடுக்க வாரியம் எங்கிருந்தாவது வாங்கியாக வேண்டும், கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பராமரித்தாக வேண்டும். அதற்குப் பதிலாக நான் கட்டப்போவது பூஜ்யம். ஏழைக்கென்று கொடுத்த 100 யூனிட் இலவசமும் எனக்கு.

2019 மார்ச்சில் ஆணையம் நெட் மீட்டரிங்கை நிறுத்தி, லைனுக்கு அனுப்புகிற யூனிட்டுக்கு விற்கிற விலையைவிடக் குறைந்த விலைதான் என்று மாற்றியபோது நானும் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த ஆணையின் நியாயம் புரிகிறது. 2021 அக்டோபரில் வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. இது இப்படியே 25 வருஷம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. என் நாலரை வருஷக் கணக்கில் நிஜமான ஆபத்து மேகமோ தூசியோ அல்ல, இன்னொரு ஆணை. 3 கிலோவாட்டோடு நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். நாலரை வருஷம் விதி மாறாமல் இருந்தால் போதும்.

உறுத்தினாலும் போட்டாச்சு. அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ஆட்கள் பேனல் மாட்டிய அன்றைக்கு மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கரண்ட் போனா இது ஓடுமா?"

"ஓடாதுப்பா."

லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனால் தானே நின்றுவிடும்படிதான் செய்யப்படுகிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது. பேட்டரியோடு சேர்ந்த இன்வெர்ட்டர் இருக்கிறது, விலை எகிறுகிறது. இதையெல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

முதல் பில் 0. போன வாரம் பகலில் கொஞ்ச நேரம் மின்தடை. நல்ல வெயில், 3 கிலோவாட்டும் மேலே சும்மா காய்ந்துகொண்டிருந்தது. 12 வருஷத்துக்கு முன் திருச்சியில் வாங்கிய அதே இன்வெர்ட்டர், மூன்றாவது பேட்டரியோடு, அப்பா ரூம் ஃபேனை ஓட்டியது. அவர் டயரியை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்: "11.10 போச்சு. 11.55 வந்தது."